நாலாவது பாட்டு முடிந்ததும்

அம்மாவுக்கு 84 வயது. கண் நீர் அழுத்த நோயில் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு நடுவும் இருண்டது. காதும் கொஞ்சம் மந்தம். வீட்டாள் அல்லாதவர் பேசினால் குரல் கேட்கும், சொல் பிரியாது. தெரிந்த பாட்டு என்றால் ஒரு எழுத்து விடாமல் கேட்கும், ஏனென்றால் பாதிப் பாட்டு அவள் நினைவிலிருந்தே வருகிறது.

எங்கள் வீடு சீர்காழியில், சட்டைநாதர் கோயில் மணி கேட்கும் தூரத்தில். சம்பந்தர் பிறந்த ஊர். அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பாடிய கோளறு பதிகம் சொல்லாமல் பல்லில் பச்சைத் தண்ணீர் பட விட்டதில்லை. பார்வை போனதும் புத்தகம் போயிற்று. எண்பதைத் தாண்டியதும் நடுப்பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. ஆறாவதில் தொடங்கி ஒன்பதாவதில் முடிப்பாள், பிறகு ஏதோ விட்டுப்போயிற்று என்று நாள் முழுக்கத் தவிப்பாள். அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் என் மகள் என் செல்போனில் ஒரு தேவாரச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். இலவசம். நல்ல குரல், பண் பிசகாத பாட்டு.

தினமும் ஆறு மணிக்கு அம்மா குளித்து, திருநீறு பூசி, பூஜை அலமாரிக்கு எதிரில் பலகை போட்டு உட்காருவாள். நான் செல்போனைப் பித்தளைச் செம்பில் சாய்த்து வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போய்விடுவேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. மார்கழியில் ஒருநாள் நல்ல மழை. வெளியே போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது பாட்டு முடிந்தது. அடுத்த கணம், காசு கொட்டும் ஓசையோடு ஒரு பெண் குரல். சீட்டு விளையாடுங்கள், சேர்ந்தவுடன் இவ்வளவு ரூபாய் உங்கள் கணக்கில், இப்போதே இறக்குங்கள். விளக்குக்கும் சாமி படத்துக்கும் நடுவில் திரை சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. அம்மா கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. முப்பது விநாடி. பிறகு ஐந்தாவது பாட்டு. எட்டாவது முடிந்ததும் மறுபடி ஒரு குரல், இந்தத் தடவை ஆண் குரல், ஆவணம் எதுவும் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் கடன். அதற்கும் அம்மாவின் கை இறங்கவில்லை.

எழுந்து போய் அதை நிறுத்தினேன். சத்தம் சட்டென்று நின்றதும் அம்மா திரும்பினாள்.

"ஏன் தம்பி நிறுத்திட்டே? இன்னும் மூணு பாட்டு இருக்கே."

"விளம்பரம் வந்துதும்மா. அதான்."

"விளம்பரமா? தினமும் நடுவுல பேசறாங்களே, அதுவா? பாட்டுக்கு அர்த்தம் சொல்றாங்கன்னுல்ல நெனச்சேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தனை நாளா அதையும் சேத்தாடா கும்பிட்டேன்?"

நான் அஞ்சல் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து, துணை அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவன். ஒரு சேதி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் தொழில். அம்மா கேட்டதும் அந்தக் கேள்விதான். கூப்பிய கை ஒரு கடிதம் என்றால் அதன் முகவரி எது? எழுதியவள் மனத்தில் இருந்த முகவரியா, அந்த நேரத்தில் எதிரில் வந்து நின்றவனுடைய முகவரியா? இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

முதலில் கோயில் ஓதுவாரிடம் போனேன். சாயரட்சை முடிந்து அவர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "போஸ்ட்மாஸ்டர் சார், சாக்கிய நாயனாரை நினைச்சுப் பாருங்க" என்றார். பௌத்தர் கோலத்தை மாற்றாமலே சிவனிடம் அன்பு வைத்தவர் சாக்கியர். பக்கத்தில் பூ இல்லை. கையில் அகப்பட்ட கல்லை லிங்கத்தின்மேல் எறிந்தார். எறிந்த பிறகுதான் சாப்பாடு என்று தினமும் அதையே நியமமாக வைத்துக்கொண்டார். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவரை அறுபத்து மூவரில் ஒருவராகப் பாடியிருக்கிறார். கல்லைப் பூவாக வாங்கிக்கொண்ட சாமி, அம்மா கும்பிட்ட அந்த முப்பது விநாடியையும் வாங்கிக்கொண்டிருப்பார் என்றார் ஓதுவார். "அம்மா கிட்ட சொல்லுங்க, ஒண்ணும் வீண் போகலை."

சொன்னேன். அம்மாவுக்கு முகம் தெளிந்தது. அவளைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரி என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவள் கை ஒருமுறைகூட வேறு முகவரிக்குப் போகவில்லை. காசு ஓசையும் கடன் பேச்சும் அவளுக்குப் புரியாத ஒரு விளக்கவுரை, அவ்வளவுதான்.

ஆனால் நான்? அடுத்த வாரத்திலிருந்து பாட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தேன், விளம்பரம் வந்தவுடன் தள்ளிவிட. திரையின் மூலையில் 'தவிர்' என்ற சொல் ஐந்து விநாடி கழித்துத்தான் வரும். சில விளம்பரங்களில் மூடும் குறி மிளகு அளவில் இருக்கும். சிலவற்றில் அது வெறும் படம், தொட்டால் கடைக்குள் கொண்டுபோய் விடும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடை செய்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. விளம்பரம் என்று தெரியாதபடி வேஷம் போடும் விளம்பரமும், ஓயாத நச்சரிப்பும் அதில் தனித்தனிக் குற்றங்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது என் காலை நேரத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

கட்டை விரலைத் திரைக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது பாட்டு நடக்கும்போதே மனசு நாலாவதன் முடிவுக்குப் போய்விடும். ஐந்தாவதில் கொஞ்சம் மூச்சு விடுவேன். ஏழாவதில் மறுபடி விறைப்பு. பதிகம் முழுக்க என் காதில் விழுந்தது, ஒரு பாட்டும் உள்ளே போகவில்லை. சாக்கியரிடம் நெருங்க எனக்கு வழியே இல்லை. அவர் ஒருநாள் நியமத்தை மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டு, நினைவு வந்ததும் பதறி ஓடினார். மறதிக்கு நடுவில் சாமி நினைவுக்கு வந்தது அவருக்கு. சாமிக்கு நடுவில் விளம்பரம் நினைவுக்கு வந்தது எனக்கு. பார்வை இல்லாத அம்மாவின் வழிபாடு பிழைத்தது. கண் தெரிந்து, காவல் காத்த என்னுடையதுதான் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்து படித்தேன். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞான போதம் செய்தார். அதில் உயிரைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து அப்போது பரீட்சைக்குப் படித்ததாகவே இருந்தது. உயிர் தனித்து நிற்காது. எதையாவது சார்ந்துதான் நிற்கும். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பக்கத்தில் சிவப்புத் துணி வைத்தால் படிகம் சிவப்பு, நீலம் வைத்தால் நீலம். படிகத்துக்குச் சொந்த நிறம் என்று எடுத்துக் காட்ட எதுவும் இல்லாதபடி நிறம் ஏறிவிடும். உலகக் கட்டான பாசத்தைச் சார்ந்தால் பாசமாய், இறைவனாகிய பதியைச் சார்ந்தால் பதியின் தன்மையோடு. வாழ்க்கையில் உயிருக்கு இருக்கும் பெரிய காரியமே எதன் பக்கத்தில் போய் நிற்பது என்பதுதான்.

அந்த மார்கழிக்குப் பிறகு இது பாடமாக இல்லை. விளம்பரம் நம் நேரத்தைத் தின்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நேரம் போனால் இன்னொரு நேரம் வரும். இங்கே போவது அது இல்லை. கவனம் என்பது உயிர் சாய்ந்து நிற்கும் பக்கம். என்னைக் கேட்காமல் அந்தச் சாய்வை ஒருவன் திருப்பினால், திருப்பிய முப்பது விநாடிக்கு நான் அவன் வண்ணமாகிறேன். என் பையிலிருந்து எடுத்தது போல இல்லை இது, என்னையே எடுத்தது போல. விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர்கள் மெய்கண்டாரைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் சார்ந்ததன் வண்ணமாகும் என்பதில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை, வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக்கூட இருந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் பணம் போடுகிறார்கள்.

எப்படிப் பணம் போடுகிறார்கள் என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் கணினி வேலையில் இருப்பவள். திரையில் விளம்பரத்துக்கான இடம் திறக்கும்போதே, எந்தச் செயலி, எந்த ஊர்ப் பக்கம், எந்த மாதிரிப் போன், அந்தப் போனுக்கென்று இருக்கும் விளம்பர அடையாள எண் என்ன என்ற விவரங்கள் ஒரு ஏலச் சந்தைக்குப் போகின்றன. அங்கே வாங்குகிற கணினிகள் விலை கேட்கின்றன. ஜெயித்தவருடைய விளம்பரம் வருகிறது. எல்லாம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நான் வெகுநேரம் பேசவில்லை. சில முருகன் கோயில்களில் பங்குனி உத்திரத்தில் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அங்கே ஏலம் போவது பிரசாதம். என் வீட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் ஏலம் போனது கும்பிட உட்கார்ந்தவள்.

அதைவிட ஒரு படி கீழே போனதும் உண்டு. உலகம் முழுக்க 9 கோடிக்கும் அதிகமான தடவை இறக்கப்பட்ட ஒரு தொழுகைச் செயலி. தொழுகை நேரம் சொல்லும், கிப்லா எந்தத் திசை என்று காட்டும். அது பயனர்களின் இருப்பிட விவரத்தை ஒரு தரவு வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது என்பதையும், அந்த நிறுவனத்திடம் வாங்குபவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒப்பந்த வேலை செய்பவர்கள் இருந்தார்கள் என்பதையும் 2020 நவம்பரில் பத்திரிகையாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த உறவை முறித்துக்கொள்வதாகச் செயலிக்காரர்கள் பிறகு அறிவித்தார்கள். என் பக்கத்துத் தெருவில் ஐந்து வேளையும் தொழுகிற தையல்காரர் ஒருவர் இருக்கிறார். எனக்கு நாற்பது வருஷச் சிநேகம். அவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் சொன்னது: "மெக்கா எந்தப் பக்கம்னு தேடுறவனை, அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு தேடியிருக்காங்க." தொழுகையில் மனம் ஒடுங்கி நிற்பதை அவர்கள் குஷூ என்பார்கள். அது இல்லாத தொழுகை உடம்பின் அசைவுதான் என்றார்.

36 வருஷம் நான் இருந்த இடத்தில் ஒரு கடிதத்தைப் பிரிப்பது பாவம் என்றே பழகியிருந்தோம். அன்றைய சட்டமும் அப்படித்தான். 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சல் சட்டத்தில், கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரித்த ஊழியருக்குச் சிறைத் தண்டனை இருந்தது. பசை விட்டுப்போன உறை வந்தால், உள்ளே இருப்பது கண்ணில் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒட்டுவோம். யார் யாருக்கு எத்தனை கடிதம் போடுகிறார்கள் என்பதே வெளியில் பேசக் கூடாத விஷயம்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானே விற்றிருக்கிறேன். 2002இல் மேக்தூத் அஞ்சலட்டை வந்தது. சாதாரண அட்டை 50 பைசா, அது 25 பைசா. முகவரிப் பக்கத்தில் இடது பாதியில் ஒரு விளம்பரம் அச்சாகியிருக்கும், அந்த வருமானத்தில்தான் விலை குறைவு. கூலி வேலைக்குத் திருப்பூர் போன பிள்ளைகளுக்கு எழுத வருகிற அம்மாக்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். பல பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்க அவர்களுடையது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த விளம்பரம் வாக்கியத்துக்கு நடுவில் வந்து நிற்கவில்லை. யார் எழுதுகிறார்கள், அழுதுகொண்டே எழுதச் சொன்னார்களா என்று அது பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த வீட்டில் சுவரில் செருகி வைத்த பிறகும் அது அசையாமல் இருந்தது. படிக்காதவரை அது படிக்கச் சொல்லி இழுக்கவில்லை. அந்த அட்டையோடு எனக்குச் சண்டை இல்லை.

கோயிலும் அப்படித்தான். குழல் விளக்கின் குறுக்கே உபயம் இன்னார் என்று கறுப்பு மையில் எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்திருப்பதைப் பார்த்து நான் வருத்தப்பட்டதுண்டு. ஆனாலும் அந்தப் பெயர் தீபாராதனையின் போது எரிந்து அணையாது. அதற்கு முந்தைய முறையைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் பார்க்கலாம். ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தேவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அங்கே திருப்பதிகம் பாட 48 பிடாரர்களை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் கொடுக்க ஏற்பாடு செய்ததும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஆக, தேவாரம் என்றைக்கும் செலவில்லாமல் பாடப்பட்டதில்லை. பாடுகிறவர் சாப்பிட வேண்டும், செயலி செய்கிறவரும் சாப்பிட வேண்டும். யாரோ ஒருவர் நெல் அளந்தார். அவர் பெயர் கல்லில் ஏறியது. கேட்க வந்தவனை யாருக்கும் அளந்து கொடுக்கவில்லை.

இணையத்திலும் அந்த வழி இருந்தது, இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் தங்கள் சொந்த நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். திருமுறைகளும் அதில் உண்டு. விளம்பரம் கிடையாது. அதைத் திறக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவர் வேலை முடிந்து வந்து இரவில் எனக்காக உட்கார்ந்து அடித்த எழுத்து என்று தோன்றும். இலவசம் என்ற சொல்லுக்கும் தானம் என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது அங்கேதான்.

காசு கட்டினால் விளம்பரம் வராது என்று செயலியிலேயே ஒரு வழி காட்டினார்கள். பென்ஷன் வருகிறது, கட்டினேன். மூன்று வாரம் அமைதி. ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அதே பதிகத்தைத்தான் கேட்கிறார். அவருக்கு நாலாவது பாட்டு முடிந்ததும் கடன்காரன் வருகிறான். ஏற்கெனவே மூன்று சுய உதவிக் குழுவில் தவணை கட்டுகிற பெண். அவர் காதில், பதிகத்தில் நெகிழ்ந்திருக்கிற அந்த நேரத்தில், ஐந்து நிமிஷத்தில் கடன் என்று சொல்கிற குரல். அது வீட்டுக்குள் வந்து சேரும் விதத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சிறப்பு தரிசனக் கட்டணம் கட்டியவனைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விடுகிறோம், கட்டாதவர் வெகுதூரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். அதையே இப்போது மனத்துக்குள்ளும் கட்டிவிட்டோம். சிதறாத மனம் காசுக்கு. நான் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டேன். அதனால் அந்த அம்மாளுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும். இருந்தும் கட்ட முடியவில்லை.

இதையெல்லாம் எங்கள் சித்தாந்த வகுப்பில் சொன்னபோது, என்னோடு படித்த பேராசிரியர் ஒருவர், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், ஒரு தடை எழுப்பினார். இறைவனுடைய தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். திரோதானம் எனப்படும் மறைத்தலும் அருள்தான், உயிர் உலகத்தில் அழுந்தி, சலித்து, பக்குவப்படுவதற்காக அவனே தன்னை மறைத்துக்கொள்கிறான். "அப்படிப் பார்த்தா இந்த விளம்பரமும் ஒரு திரோதானம்தானே ஐயா? மாயையில இருந்து வர்ற எதைத்தான் வெளியில தள்ளப் போறோம்? உங்க கோபமே உங்க மலம் பழுக்கறதுக்கான வழியா இருக்கலாம்."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கோபத்தில் ஆணவம் கலந்திருக்கிறது. என் வீடு, என் அம்மா, என் காலை நேரம் என்றுதான் அது எழுந்தது. ஆனாலும் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. மறைத்தல் என்பது ஒருநாள் விலகுவதற்காகப் போட்ட திரை. கோயிலில் அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள், வெளியே நிற்பவனுக்குத் தாகம் கூடும், திரை விலகும்போது கண் நிறையும். உயிர் சலித்து, போதும் என்று திரும்ப வேண்டும் என்பதே அந்த மறைப்பின் நோக்கம். என் கையில் இருக்கும் திரையைச் செய்தவர்களுக்கு நான் ஒருபோதும் சலிக்கக் கூடாது. போதும் என்ற சொல் என் வாயில் வந்தால் அவர்களுக்கு நஷ்டம். பக்குவப்படுத்துவதற்காக மறைப்பதும், பக்குவமே வராதபடி மறைப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போல இருக்கலாம். இரண்டாவதற்கு இறைவன் பெயரைச் சூட்டுவது, ஒரு மனிதன் தெரிந்து செய்த காரியத்தைச் சாமி தலையில் கட்டுவதாகும். பேராசிரியர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

இந்த விளம்பர வழியைத் தொடங்கியவர்கள் கெட்டவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. திரையில் தானாக முளைக்கும் தனி விளம்பரச் சாளரத்துக்கு முதல் நிரல் எழுதியவர்களில் ஈதன் சக்கர்மேன் ஒருவர். 1990களில் ட்ரைபாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு விளம்பரதாரர் தன் விளம்பரம் ஒரு ஆபாசப் பக்கத்தோடு சேர்ந்து வந்துவிட்டதே என்று கலங்கியபோது, பக்கம் வேறு விளம்பரம் வேறு என்று பிரித்துக் காட்டத்தான் அதை யோசித்தார்கள். 2014இல் அட்லாண்டிக் பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதி, நடந்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விளம்பரத்தை நம்பி இணையத்தைக் கட்டியதே மூலத் தவறு என்பது அவர் கட்சி. மன்னிப்புக் கேட்ட அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒதுக்கி வைக்க நினைத்தது நடுவில் வந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கர்ப்பக்கிருகத்தை ஏன் அவ்வளவு இருட்டாக வைத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். ஜன்னல் கிடையாது. வெளிப் பிராகாரத்தில் வெயில், கடை, சத்தம். அடுத்ததில் கொஞ்சம் நிழல். மகாமண்டபத்தில் தூணும் மங்கலும். உள்ளே போகப் போகப் பார்ப்பதற்கு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு விளக்கும் அதில் தெரியும் ஒரு முகமும்தான் மிஞ்சும். தீபாராதனையில் அடிக்கிற பெரிய மணி, மற்ற பேச்சு எதுவும் காதில் விழாமல் இருக்க என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சிதறுகிற மனம் என்று தெரிந்து, அதை அதட்டாமல், கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போலக் கட்டியிருக்கிறார்கள். மனத்தின் பலவீனம் அந்தச் சிற்பிகளுக்கும் தெரியும், இந்தச் செயலிக்காரர்களுக்கும் தெரியும்.

அம்மாவிடம் செயலியை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "நீயே படிச்சுச் சொல்லு தம்பி" என்றாள். எனக்குக் குரல் கிடையாது. கோளறு பதிகத்துக்குப் பண் பியந்தைக் காந்தாரம், அது எனக்கு வராது என்றேன். "வரவரைக்கும் வரட்டும்" என்றாள். அலமாரியில் அவளுடைய பழைய புத்தகம் இருந்தது. அட்டை போய், முதல் சில பக்கங்கள் போய், மஞ்சளும் குங்குமமும் ஏறிய தாள். பதிகம் இருக்கும் இடத்தில் ஓரங்கள் மட்டும் துணி மாதிரி நைந்திருந்தன. நாற்பது வருஷம் அவள் விரல் பட்ட இடம்.

தையிலே ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினோம். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா கை கூப்பி உட்கார்ந்தாள். முதல் பாட்டைச் சொன்னேன். குரல் நடுங்கியது, அம்மா மெதுவாக இழுத்துப் பண்ணைக் காட்டினாள். இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்தேன், திருத்தினாள். சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் சரியில்லையே என்று அப்பர் பதறித் தடுத்ததற்கு இந்தப் பிள்ளை சொன்ன பதில் இது என்று, படிக்கப் படிக்க, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் புரிந்தது போல இருந்தது.

நாலாவது பாட்டு முடிந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, தாள் ஒட்டவில்லை. வலது கைக் கட்டை விரல் புத்தகத்தின் மேல் ஓரத்தில், மூலையில் போய் நின்றிருந்தது. தோள் விறைத்திருந்தது. ஏதோ வரப் போகிறது என்று காது கூர்மையாகிக் காத்திருந்தது. அறையில் விளக்கு எரிகிற சத்தம்கூட இல்லை.

அம்மா கை இறங்கவில்லை. முகம் மட்டும் என் பக்கம் லேசாகத் திரும்பியது.

"அஞ்சாவது பாட்டு தம்பி" என்றாள். நான் தொடங்கவில்லை என்று பார்த்து, அவளே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.